பழைய கார்களும் ஏலச் சுத்தியலும்

விலை கூறி விற்கும் 'ஏலம்' தமிழ்ச் சொல் அன்று. நறுமணப் பொருளாகிய ஏலம் வேறு; இது வேறு. போர்த்துக்கீசியரின் 'லெய்லாம்' என்னும் சொல்லே நம் கடற்கரையில் 'ஏலம்' ஆயிற்று என்பது தமிழ்ப் பேரகராதி காட்டும் வழி. அந்தப் போர்த்துக்கீசியச் சொல்லோ, 'அறிவித்தல்' எனப் பொருள்படும் 'இஃலாம்' என்ற அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது என்பர் சொற்பிறப்பு ஆய்வாளர். ஆங்கிலேயர் வழங்கும் 'ஆக்ஷன்' என்பது 'மிகுத்தல்' எனப் பொருள்படும் இலத்தீன் வேரினது. ஆக, ஒரு சொல் விலை ஏறுவதைக் குறிக்கிறது. மற்றொரு சொல் வாய்விட்டு அறிவிப்பதைக் குறிக்கிறது. ஈண்டு விளக்க எடுத்துக்கொண்ட பொருளுக்கு இரண்டாவது சொல்லே பெரிதும் பொருந்துகிறது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பழைய கார்களைச் சேகரிப்போர் கூடும் ஏலங்களில் விலைபோவது இரும்பா, அறிவிப்பா என்று ஐயுறும் அளவுக்கு அறிவிப்பின் கை அங்கே ஓங்கியிருக்கிறது. (மகிழுந்து என்னும் சொல் நமக்கு உண்டாயினும், யாவரும் வழங்கும் கார் என்ற சொல்லையே இக்கட்டுரையில் ஆள்கிறேன்.)

கடற்கரை ஊர்களில் விடியற்காலையில் நடைபெறும் மீன் ஏலத்தை மாணவர் பலர் கண்டிருப்பர். அங்கே பொருள் கண்முன் கிடக்கிறது. செவுளைத் தூக்கிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். வெயில் ஏற ஏற விலை இறங்கும். பழைய காரின் நிலை இதற்கு நேர்மாறானது. 60 ஆண்டுகள் கழிந்தும் விலை ஏறுகிறது. விலையை முடிவுசெய்யும் செய்தியோ கண்ணுக்குத் தெரிவதில்லை. அந்தக் காரை முதலில் வாங்கியவர் யார், எந்தப் பந்தயத்தில் அது ஓடிற்று, அடிச்சட்டத்தில் பொறித்த எண்ணும் இயந்திரத்தில் பொறித்த எண்ணும் தொழிற்சாலைப் பதிவேட்டோடு ஒத்துவருகின்றனவா என்பனவற்றை எல்லாம் ஒருவர் சொல்லத்தான் மற்றவர் அறிய முடியும்.

ஏலம் நடைபெறும் முறை

ஆண்டுதோறும் சனவரித் திங்களில் அரிசோனா மாநிலத்து ஸ்காட்ஸ்டேல் நகரிலும், ஃபுளோரிடாவின் கிஸ்ஸிமீ நகரிலும், ஆகஸ்டுத் திங்களில் கலிபோர்னியாவின் மான்டெரே கடற்கரையிலும் பெரிய ஏலங்கள் கூடுகின்றன. ஸ்காட்ஸ்டேலில் பாரெட்-ஜாக்சன் நிறுவனத்தார் 1971 முதல் இத்தொழிலில் உள்ளனர். கிஸ்ஸிமீயில் மீக்கம் நிறுவனமும், மான்டெரேயில் ஆர்.எம். சோதபீஸ் முதலிய நிறுவனங்களும் ஏலம் விடுகின்றன.

காரை விற்க விரும்புபவர் ஏல நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொள்கிறார். நிறுவனம் அதன் வரலாற்றை ஆராய்ந்து, ஒளிப்படங்களுடன் விவரப்பட்டியலில் அச்சிட்டு, இவ்வளவு முதல் இவ்வளவு வரை போகலாம் என்று மதிப்பீடு ஒன்றையும் வெளியிடுகிறது. ஏலம் கேட்க வருவோர் தம் வங்கியின் உறுதிக் கடிதத்தைக் காட்டிப் பெயர் பதிந்து எண்ணட்டை பெறவேண்டும். நம்மவர் 'ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்' என்று கூவுவது போலவே அங்கும் முறை உண்டு. மூன்றாம் தரத்தோடு சுத்தியல் விழும். விழுந்த விலையே முழு விலை என்று எண்ணிவிடலாகாது. அதன்மேல் ஏறத்தாழ நூற்றுக்கு 10 வீதம் வாங்குபவர் நிறுவனத்திற்குச் செலுத்தவேண்டும். விற்பவரிடமும் தரகு பெறுவதுண்டு. ஆகவே செய்தித்தாளில் வரும் தொகை வாங்கியவர் கொடுத்ததா, விற்றவர் பெற்றதா என்று கேட்டே படிக்கவேண்டும். இரண்டும் ஒன்றாவது அரிது.

விற்பவர் தம் மனத்தில் ஒரு குறைந்த அளவு விலை வைத்திருப்பார். அதனை எட்டாவிட்டால் கார் விற்பனையாகாது. அந்த மறைவிலை விற்பவருக்கும் நிறுவனத்திற்கும் மட்டுமே தெரியும், கேட்போருக்குத் தெரியாது. அறிவிப்பையே உயிராகக் கொண்ட ஒரு தொழிலில் முதன்மையான எண் ஒன்று அறிவிக்கப்படாமல் இருப்பது விந்தையே. மறைவிலையை எட்டும்வரை, ஏலம் விடுபவர் விற்பவர் சார்பில் தாமே விலை கூட்டிச் சொல்லும் வழக்கமும் உண்டு. கேட்பார் ஒருவருமில்லாத மூலையை நோக்கித் தலையசைத்து எண்ணைக் கூட்டுவார். புதியவர் அங்கே யாரோ கேட்கிறார் என்று மயங்கித் தாமும் கூட்டுவார். நிபந்தனைகளில் முன்னரே அச்சிட்டிருந்தால் சட்டம் இதனை அனுமதிக்கிறது. முன்னறிவிப்பின்றி விற்பவர் தாமோ ஆள்வைத்தோ கேட்டு விலையை ஏற்றினால், அமெரிக்க வணிகச் சட்டத்தொகுப்பின் 2-328ஆம் பிரிவின்படி வாங்கியவர் விற்பனையைத் தள்ளிவிடலாம். அன்றி, நேர்மையாகக் கேட்கப்பட்ட கடைசி விலைக்கே பொருளை எடுத்துக்கொள்ளலாம். நம் நாட்டு 1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64ஆம் பிரிவும் பொய்க் கேள்வியால் விலை ஏற்றப்பட்ட ஏலத்தைத் தள்ளிவிடும் உரிமையை வாங்கியவருக்கு அளிக்கிறது. இஸ்லாமிய வணிக நெறி 'நஜ்ஷ்' எனப் பெயரிட்டு விலக்கியதும் இந்தப் பொய்க் கேள்வியையே. இடம் வேறு, காலம் வேறு. ஏலம் இருந்த இடத்திலெல்லாம் இந்தச் சூது இருந்திருக்கிறது.

காதில் விழுந்த எண்

சூது ஏதும் இல்லாமலே அறிவிப்பு பிழைபடுவதும் உண்டு. 2019 ஆகஸ்டில் மான்டெரே ஏலத்தில் நிகழ்ந்ததை மொழி பயிலும் மாணவர் மறக்கமாட்டார். பெர்டினாண்ட் போர்ஷே, தம் பெயரிலான கார் நிறுவனம் உருப்பெறுவதற்கு முன்பே, பெர்லின்-ரோம் பந்தயத்திற்கென 1939ஆம் ஆண்டை ஒட்டி உருவாக்கிய 'டைப் 64' என்னும் கார் அன்று மேடைக்கு வந்தது. 2 கோடி டாலர் வரை போகும் என எதிர்பார்த்திருந்தனர். ஏலம் விடுபவர் 'தர்ட்டீன்' என்று 1 கோடியே 30 இலட்சத்தில் தொடங்க, திரையில் 'தர்ட்டி', அதாவது 3 கோடி என்று தோன்றியது. அடுத்தடுத்து அவர் கூட்டக் கூட்டத் திரையும் 4, 5, 6 கோடி எனத் தாவியது. கூட்டம் எழுந்து ஆரவாரித்தது. 7 கோடி என்று திரை காட்டிய நேரத்தில், தாம் சொன்னது 'செவன்ட்டீன்', 1 கோடியே 70 இலட்சமே என அவர் திருத்தினார். ஆரவாரம் ஏச்சாக மாறிற்று. பலர் எழுந்து வெளியேறினர். கார் விற்பனையாகவில்லை. சொல்லின் இறுதியில் நிற்கும் ஒரு மெல்லின ஒற்று கேட்டதற்கும் கேளாததற்கும் இடையில் 5 கோடி டாலருக்கு மேல் நின்றது. ஒலிப்பைப் பற்றி வகுப்பில் நான் சொல்லும்போது இதைவிட விலையுயர்ந்த எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

எது அந்தக் கார்?

1968இல் வெளிவந்த 'புல்லிட்' என்னும் ஆங்கிலத் திரைப்படத்தில் நடிகர் ஸ்டீவ் மெக்குவீன் ஓட்டிய பச்சைநிற ஃபோர்டு மஸ்டாங் காரை, 1974இல் அமெரிக்கக் குடும்பம் ஒன்று ஏறத்தாழ 6,000 டாலருக்கு வாங்கிற்று. வீட்டுக் காராகவே அதனை ஓட்டினர். 1977இல் மெக்குவீனே கடிதம் எழுதித் தமக்குத் திருப்பித் தருமாறு கேட்டார், அவர்கள் கொடுக்கவில்லை. பின்னர்ப் பல்லாண்டுகள் அது வெளியுலகம் காணாமல் கிடந்தது. 2020 சனவரி 10ஆம் நாள் கிஸ்ஸிமீ ஏலத்தில் அதற்குச் சுத்தியல் விழுந்தது 34 இலட்சம் டாலரில். கட்டணம் சேர்த்து 37 இலட்சத்து 40 ஆயிரம். மேடையேறிய கார் துருவும் நெளிவும் உதிர்ந்த வண்ணமும் கொண்டிருந்தது. படக்கருவி பொருத்துவதற்காக அன்று செய்த மாற்றங்களின் தடயங்களும் இருந்தன. அவற்றைச் சீர்செய்து பளபளப்பாக்கியிருந்தால் சான்று அழிந்திருக்கும். மெக்குவீனின் கடிதம் உடனிருந்தது. அதே ஆண்டில் அதே தொழிற்சாலையில் செய்த வேறொரு மஸ்டாங் இயந்திரத்தாலும் எடையாலும் இதற்கு நிகராக இருக்கலாம், விலையால் நிகராகாது.

2015 பிப்ரவரியில் பாரிசில் ஆர்ட்குரியல் நிறுவனம் விட்ட பையோன் குடும்பத் தொகுப்பும் இத்தகையதே. மேற்குப் பிரான்சின் கொட்டகைகளில் மழையிலும் செடிகொடியிலும் மட்கிக்கிடந்த 59 கார்கள் அவை. அவற்றுள் பழைய செய்தித்தாள்களின் குவியலுக்கு அடியில் இருந்த ஃபெராரி ஒன்று, ஒரு காலத்தில் நடிகர் அலென் டெலோன் வைத்திருந்தது, 1 கோடியே 60 இலட்சம் யூரோவுக்கு மேல் போயிற்று. தூசியைக்கூடத் துடைக்கவில்லை.

பாகங்கள் மாறாமல் கிடந்த கார்களின் கதை இது. பாகங்கள் எல்லாம் மாறிவிட்டால்? இவ்வினா இலண்டன் உயர்நீதிமன்றத்தின் முன் 1990இல் வந்தது. 'ஓல்டு நம்பர் ஒன்' என்று பெயர்பெற்ற பென்ட்லி கார் 1929, 1930 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பிரான்சின் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தில் வென்றது. அதன்பின் புரூக்லாண்ட்ஸ் தடத்திற்காக மாற்றியமைக்கப்பட்டு, 1932இல் அங்கே கவிழ்ந்து ஓட்டியவர் உயிரிழந்தார். மீண்டும் கட்டப்பட்டு வேறு மேற்கூடு ஏற்றது. பிற்காலத்தில் அதனை 1 கோடி பவுனுக்கு வாங்க ஒரு நிறுவனம் ஒப்பந்தம் செய்தது. பிறகு, 'இது லெ மானில் வென்ற கார் அன்று. அதன் பாகங்கள் ஏறக்குறைய ஒன்றும் எஞ்சவில்லை' என்று கூறி விலை தர மறுத்தது. இது ஏல விற்பனை அன்று, நேர் விற்பனையே. எனினும் ஏலத்தில் ஒவ்வொரு நாளும் சொல்லாமல் விடப்படும் கேள்வி இங்கே வாய்விட்டுக் கேட்கப்பட்டது என்பதால் எடுத்துரைக்கிறேன்.

நீதிபதி ஆட்டன் பாகம் பாகமாக ஆராய்ந்தார். 1929இல் ஓடிய காரின் உலோகம் அதில் ஏறத்தாழ இல்லை என்று ஏற்றுக்கொண்டார். ஆயினும் அந்தக் கார் எந்த நாளிலும் அழிந்து மறைந்து, பின்னர் வேறொன்று அதன் பெயரைத் திருடிக்கொள்ளவில்லை. ஒவ்வொரு மாற்றமும் முந்தையதன் தொடர்ச்சியாகவே நடந்தது. ஆகவே அப்பெயருக்கு அதுவே உரியது எனத் தீர்ப்பளித்தார். வாங்குபவர் ஒப்பந்தத்தை நிறைவேற்ற வேண்டியதாயிற்று.

தமிழாசிரியனாகிய எனக்கு இத்தீர்ப்பு புதுமையாகப் படவில்லை. நம் நூல்கள் ஏட்டுச்சுவடிகளில் வந்தவை. கரையான் அரிக்குமுன் புதிய ஓலையில் எழுதிக்கொள்வர், பழையது மறையும். இன்று நம் கையிலுள்ள பனையோலை எதுவும் புலவர் கைபட்ட ஓலை அன்று. படி எடுத்தோர் வரிசை அறாமல் வந்திருப்பதால் நூலை நூல் என்றே கொள்கிறோம். இடையில் புகுந்த பாடலை இடைச்செருகல் என்று விலக்கவும் செய்கிறோம். கார் சேகரிப்போர் செய்வதும் அதுவே. பழைய அடிச்சட்டத்தின் ஒரு துண்டை மட்டும் வைத்துக்கொண்டு முழுக் காரையும் புதிதாகக் கட்டி, எண்ணையும் பொறித்துப் பழையதென விற்பவர் உண்டு. ஒரே எண்ணுக்கு இரண்டு கார்கள் உரிமை கொண்டாடுவதும் உண்டு. அங்கே தொடர்ச்சி அறுந்துவிடுகிறது. இதனைக் கண்டறியும் பொறுப்போ பெரும்பாலும் வாங்குபவர் தலையிலேயே விழுகிறது. 'உள்ளது உள்ளபடியே விற்கப்படுகிறது' என்பதே ஏல நிபந்தனைகளின் முதல் வரி எனலாம். ஏலத்திற்கு முந்திய நாள்களில் காரைத் தூக்கிநிறுத்தி அடிப்பக்கம் பார்ப்பதற்கும், பதிவேடுகளைப் படிப்பதற்கும், அந்த வகைக் காரை நன்கறிந்த ஒருவரை அழைத்துச் செல்வதற்கும் தயங்குபவர், அரங்கினுள் கை தூக்காமல் இருப்பதே நன்று.

இனி ஆதாயம் பற்றி ஒரு சொல். பழைய கார் வாங்கினால் பணம் பெருகும் என்னும் பேச்சு அவ்வப்போது எழுகிறது. 1987 நவம்பரில் இலண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில், உலகில் ஆறே ஆறு எஞ்சியுள்ள புகாட்டி ராயல் கார்களுள் ஒன்று 55 இலட்சம் பவுனுக்குப் போனதும் அப்பேச்சு உச்சத்தை எட்டியது. காரை ஓட்டவே எண்ணாதவர்களும் வாங்கத் தொடங்கினர். 1990க்குப் பின் விலைகள் சரிந்தன. கடன் வாங்கி வாங்கியோர் பெரிதும் இழந்தனர். அண்மைக் காலத்திலும் சான்று உண்டு. கரோல் ஷெல்பி தமக்கெனச் செய்துகொண்ட 'கோப்ரா சூப்பர் ஸ்நேக்' கார் 2007இல் ஸ்காட்ஸ்டேலில் 55 இலட்சம் டாலருக்குப் போயிற்று. எட்டு ஆண்டுகள் பேணிக் காத்து 2015இல் அதே நகரில் மீண்டும் ஏலத்திற்கு விட்டபோது கட்டணம் உட்பட வந்தது 51 இலட்சத்து 15 ஆயிரம்.

இதுவரை பொது ஏலத்தைப் பற்றிச் சொன்னேன். மிக உயர்ந்த விலையோ கூவி அழைக்காத ஏலத்தில் கிடைத்தது. 1955இல் மெர்சிடிஸ் நிறுவனம் 300 எஸ்.எல்.ஆர். பந்தயக் காரின் மூடிய கூட்டு வடிவம் இரண்டினைச் செய்தது. வடிவமைத்த பொறியாளர் உலன்ஹாட் என்பார் பெயராலேயே அவை வழங்குகின்றன. அவ்வாண்டு லெ மான் பந்தயத்தில் எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்ட கோர நிகழ்ச்சிக்குப் பின், ஆண்டிறுதியோடு நிறுவனம் பந்தயங்களை விட்டு விலகிற்று. அவ்விரு கார்களும் பந்தயம் ஓடவே இல்லை. 2022 மே 5ஆம் நாள் ஸ்டுட்கார்ட் நகரின் மெர்சிடிஸ் அருங்காட்சியகத்தில், அழைக்கப்பட்ட சிலர் மட்டும் அமர்ந்திருக்க, ஒன்று 13 கோடியே 50 இலட்சம் யூரோவுக்கு ஏலம் போயிற்று. சிறப்பு நாள்களில் பொதுமக்கள் பார்வைக்குத் தரவேண்டும் என்பது உடன்பாடு. வாங்கியவர் பெயர் அறிவிக்கப்படவில்லை. கிடைத்த தொகையைக் கொண்டு இளைஞர்களின் கல்வி உதவிக்கு நிதியம் ஒன்று நிறுவப்பட்டது. இரட்டையருள் மற்றொன்று நிறுவனத்தின் உடைமையாகவே அருங்காட்சியகத்தில் இருக்கிறது.