கிளச் வழுக்கும்போது: மலைநாட்டு வாகனக்காரர்கள் கவனத்துக்கு

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, சொந்தப் பாவனைக் கார்களுக்கு மறுபடி திறக்கப்பட்டது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட வருடங்களில் பழைய வண்டிகளின் விலையே எட்டாத உயரத்துக்குப் போனது. அதனால் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கம் மாருதி 800, பழைய சன்னி, டொல்பின் வேன் என்று வயதான வண்டிகள்தான் இன்னும் உழைக்கின்றன. தோட்ட டிவிஷனில் இருந்து பிரசவ வலியோடு ஒரு பெண்ணை டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும் பல நேரம் அப்படியொரு வண்டிதான். இந்த வண்டிகளில் முதலில் களைத்துப்போவது கிளச். மேட்டில் நின்று, நகர்ந்து, மறுபடி நின்று போகிற பாதைகளில் அது சமதரையில் தேய்வதைவிடச் சீக்கிரம் தேயும்.

கிளச் போனால் ஏற்றத்தில் வண்டி ஏறாது என்பதுதான் எல்லோருக்கும் உள்ள கவலை. அதைவிட ஆபத்தானது இறக்கம். 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் இருந்து இறம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கும்போது வண்டியை அடக்கிப் பிடிப்பதில் பாதி வேலை சிறிய கியரில் ஓடும் என்ஜினுடையது. என்ஜினையும் சக்கரத்தையும் இணைத்து வைத்திருப்பது கிளச். அது வழுக்கினால் முழுப் பாரமும் பிரேக்குக்கு வரும். வளைவுக்கு வளைவு மிதித்த பிரேக் சூடேறிப் பிடிமானத்தை இழக்கும். 2023 ஜனவரி 20 அன்று நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் பஸ்ஸும் வேனும் முச்சக்கர வண்டியும் மோதி ஏழு பேர் இறந்ததை மலையகம் மறக்கவில்லை. அன்று பேசப்பட்டது பிரேக்தான், கிளச் அல்ல. ஆனாலும் நம் சரிவுகளில் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கக்கூடாது என்பதற்கு அதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை.

கிளச் சொல்லாமல் போவதில்லை. அக்சிலேட்டரை மிதித்தால் என்ஜின் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை. மேட்டில் கருகல் வாசம் வருகிறது. மிதியைக் கடைசிவரை விட்ட பிறகே வண்டி பிடிக்கிறது. இவை கிளச் பிளேட் தேய்ந்ததன் அடையாளங்கள். உறுதிப்படுத்த ஒரு சோதனை உண்டு. முன்னால் ஆளில்லாத சமதரையில் ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்து, மூன்றாம் அல்லது நான்காம் கியரைப் போட்டு, கொஞ்சம் அக்சிலேட்டர் கொடுத்தபடி கிளச்சை மெதுவாக விடுங்கள். என்ஜின் உடனே அணைய வேண்டும். அணையாமல் ஓடிக்கொண்டிருந்தால் கிளச் வழுக்குகிறது. ஒரு தடவை போதும், திரும்பத் திரும்பச் செய்தால் மிச்சமிருக்கும் பிளேட்டும் எரியும்.

கியர் விழ மறுப்பதும், ரிவர்ஸ் போடும்போது கரகரவென்று அரைப்பதும் வேறு கதை. அங்கே கிளச் சரியாக விடுபடவில்லை. இந்த இடத்தில்தான் பலர் தேவையில்லாமல் பணத்தை இழக்கிறார்கள். மாருதி 800 போல கிளச் கேபிளில் இயங்கும் வண்டிகளில் கேபிள் நார் பிரிந்திருக்கலாம், அல்லது இறுக்கம் மாறியிருக்கலாம். கிளச் எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் வண்டிகளில் மேல் பம்பிலோ கீழ் பம்பிலோ கசிவு இருக்கலாம். மிதி தரையோடு ஒட்டிக்கொண்டால் முதலில் குப்பியில் எண்ணெய் மட்டத்தைப் பாருங்கள். சில வண்டிகளில் கிளச்சுக்கும் பிரேக்குக்கும் ஒரே குப்பி. அங்கே கசிவைச் சரிசெய்யாமல் தள்ளிப்போடுவது உயிரோடு விளையாடுவது. கியர் பெட்டியைக் கழற்ற வேண்டும் என்று கராஜில் சொன்னால், கேபிளையும் பம்பையும் பார்த்தாகிவிட்டதா என்று கேளுங்கள். மிதியை அமுக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் ரிலீஸ் பெயாரிங்கைச் சந்தேகிக்கலாம்.

கழற்றுவது உறுதியானால் அரைகுறையாகச் செய்யாதீர்கள். பெட்டியை இறக்கி ஏற்றும் கூலிதான் பெரிது. ஆகவே பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பெயாரிங் மூன்றையும் ஒன்றாக மாற்றுவதே இலாபம். ப்ளைவீலில் வெப்பத்தால் நீலம் பாய்ந்த இடமோ வெடிப்போ இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். என்ஜின் பின்பக்க சீலில் ஒயில் கசிந்தால் அதையும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் புதுப் பிளேட்டும் ஒயிலில் ஊறி வழுக்கும். கொழும்பு பஞ்சிகாவத்தையில் இருந்து வரும் பாவித்த பாகம் எல்லாமே மோசம் என்று சொல்லமாட்டேன். ஆனால் பாவித்த பிளேட்டுக்குப் புதியதன் விலையை வாங்குவது குற்றம்.

கராஜில் வேலை பழகும் தோட்டத்துப் பிள்ளைகளைப் பற்றியும் சொல்லவேண்டும். பழைய பிளேட்டுகளில் அஸ்பெஸ்டஸ் கலந்திருந்தது. அந்தத் தூசியைக் காற்றழுத்தக் குழாயால் ஊதினால் நுரையீரலுக்குள் போகும், அதன் விளைவு பல வருடம் கழித்தே தெரியும். ஈரத் துணியால் துடைக்க வேண்டும். சரிந்த நிலத்தில் கல்லை அண்டை கொடுத்து வண்டிக்கு அடியில் போக எவரையும் விடக்கூடாது. வேலையில் காயப்பட்ட உதவியாளருக்கு 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நட்டஈடு கேட்கும் உரிமை உண்டு.

இனி உங்கள் உரிமை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, கேட்டால் கடைக்காரர் பற்றுச்சீட்டுத் தரவேண்டும். பணம் வாங்கிச் செய்யும் சேவை கவனத்தோடும் திறமையோடும் செய்யப்பட வேண்டும், அதற்குப் போடும் பொருள் தேவைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. தெரிந்த ஆள் என்ற கூச்சத்தில் நம்மவர்கள் பற்றுச்சீட்டுக் கேட்பதில்லை. கேளுங்கள். புதியதா பாவித்ததா, எத்தனை மாத உத்தரவாதம் என்று அதில் எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய பாகம் உங்களுடையது, அதையும் வாங்கி வையுங்கள்.

புதுக் கிளச் சில வாரங்களில் வழுக்கினால் முதலில் அதே கராஜிடம் போங்கள். தட்டிக்கழித்தால் வேலை முடிந்த மூன்று மாதத்துக்குள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிட வேண்டும். ஆலோசனைக்கு 1977 என்ற இலக்கம் இருக்கிறது. முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதலாம். பற்றுச்சீட்டின் பிரதியையும் பழைய பாகத்தின் படத்தையும் சேர்த்து, பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பணத்தைத் திரும்பப் பெறும் தகராறை உங்கள் பிரதேச மத்தியஸ்த சபைக்கும் கொண்டுபோகலாம். அங்கே சட்டத்தரணி தேவையில்லை.