எந்த உடும்பை அடிக்கிறோம்?

வேலைக்காடு முடிந்து வந்து பார்த்தால் குஞ்சுகளில் இரண்டைக் காணோம். பாரிட் ஓரத்தில் புல் அசைகிறது. "பியாவாக்குதாண்ணே! எடுங்க பாராங்கை!" என்று ஒரு சத்தம் வந்தால் போதும், லயமே திரண்டு விடும். செம்பனைத் தோட்டத்து மக்களுக்கு இந்தக் கூத்து புதிதல்ல.

ஆனால், உடும்பு என்று நாம் ஒரே பேர் சொல்லிக் கூப்பிடுவது இரண்டு சாதியை. கோழி தூக்குவது ஒன்று, அடிபடுவது சில சமயம் இன்னொன்று!

பாரிட்டில் நீந்துவது தண்ணீர் உடும்பு. மலாய்க்காரர்கள் 'பியாவாக் ஆயேர்' என்பார்கள். மூக்குத் துவாரம் வாய் நுனிக்குப் பக்கத்திலே இருக்கும். இரண்டு மீட்டருக்கு மேலும் வளரும். குஞ்சு, முட்டை, எலி, மீன், செத்தது, அழுகினது எல்லாம் அதற்குச் சாப்பாடுதான்.

மற்றது 'பியாவாக் தீக்கூஸ்'. பேர்தான் எலி உடும்பு. காய்ந்த இலையைக் கிளறிப் பூச்சியும் வண்டும் தேடுவதுதான் அதன் முக்கிய வேலை. இதற்கு மூக்குத் துவாரம் கண்ணுக்கும் வாய் நுனிக்கும் நடுவில் கீறல் மாதிரி இருக்கும். இடுப்பு வலிக்கு நல்லது, 'தெம்பு' வரும் என்று சொல்லி இதையும் விடுவதில்லை. 2008-இல் ஜொகூரில் ஒரே இடத்தில் ஏழாயிரத்துக்கு மேல் உயிரோடு பிடிபட்டன. அத்தனையும் இப்படிக் கறி வியாபாரத்துக்குத்தான்! பச்சை ரத்தம் குடித்தால் தெம்பு வருகிறதோ இல்லையோ, கிருமி வரும்.

2010-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி தண்ணீர் உடும்பைப் பிடிக்கவே லைசென்ஸ் வேண்டும். மற்றதைத் தொடவே கூடாது. 2022-இல் சட்டத்தைத் திருத்தித் தண்டனையை இன்னும் கூட்டிவிட்டார்கள். ஒரு சட்டி கறிக்காகக் கோர்ட்டு வாசலில் நின்றால், வீட்டில் இருப்பவர்கள் கதி என்ன?

அப்போ கோழிக்கு யார் பொறுப்பு என்பீர்கள். கோழி அறுத்த குடலைப் பாரிட்டில் வீசுகிறோமே, அதுதான் அதற்கு விருந்துச் சாப்பாடு. குழி தோண்டிப் புதையுங்கள். கூண்டுக்குக் கம்பிவலை அடிக்கும்போது அடிப்பக்கத்தை மண்ணுக்குள் ஒரு முழம் இறக்குங்கள். பொழுது சாயுமுன் குஞ்சுகளை அடைத்து விடுங்கள்.

கடித்துவிட்டால் மஞ்சள் பூசிக்கொண்டு உட்காராமல், சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி அன்றைக்கே கிளினிக் போங்கள். வாலால் அடித்தாலும் சும்மா இருக்காது, பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள்.

வீட்டுக்குள்ளேயே புகுந்துவிட்டதா? நாயைக் கட்டுங்கள், பின்கதவைத் திறந்துவிட்டு எல்லாரும் ஒதுங்கி நில்லுங்கள். நம்மைவிட அதற்குத்தான் பயம் அதிகம். வழி கிடைத்தால் பாரிட்டைப் பார்த்து ஓடிவிடும். ஓடாமல் அலமாரிக்கு அடியில் பதுங்கினால் 999-க்குப் போன் போட்டுச் சொல்லுங்கள், பொதுத் தற்காப்புப் படைக்காரர்கள் வந்து பிடித்துக்கொண்டு போவார்கள்.