பூட்டியதும் மறைத்ததும்

எடப்பாடியில் தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்த பிள்ளைக்கு இது சட்டென்று விளங்கும். விசைத்தறியை ஓட்டவும் நிறுத்தவும் ஒரு கைப்பிடி உண்டு. அது எல்லார் கண்ணுக்கும் தெரியும். ஓர் அங்குலத்துக்கு எத்தனை ஊடை விழ வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது பக்கவாட்டில் இருக்கும் ஒரு பல்சக்கரம். அதைக் கழற்றி வேறு பல் எண்ணிக்கையில் ஒன்றை மாட்டினால் துணியின் நெருக்கமே மாறிவிடும். தினமும் தொடுகிற பாகமல்ல, அதனால் ஒதுங்கி இருக்கிறது.

கணினித் திரைக்குப் பின்னாலும் இப்படிச் சக்கரங்கள் இருக்கின்றன. 2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தன. ஸ்டார்ட்டரின் அமைப்புகளில் பின்னணிப் படத்தை மாற்றும் வசதியே கிடையாது. அது பூட்டு. சி-டாக் நிறுவனம் டெபியனை அடித்தளமாக வைத்து உருவாக்கிய பாஸில் நிலைமை வேறு. அதன் முகப்பான க்னோமில் பல அமைப்புகள் மறைந்திருந்தன, பூட்டப்படவில்லை. இந்த வேறுபாடு எனக்கு மிகப் பெரிதாகப் படுகிறது.

அப்போதைய க்னோமில் பென்டிரைவ் செருகியதும் திரையில் ஒரு சின்னம் முளைக்கும். குப்பைத்தொட்டிச் சின்னம் எப்போதும் ஓரத்தில் நிற்கும். இவற்றை நீக்க வழக்கமான அமைப்புப் பட்டியலில் இடமிருக்கவில்லை. மறைந்த அமைப்புகளைத் திருத்தும் ஜிகான்ஃப் எடிட்டர் என்ற செயலியைத் திறந்தால் இடப்பக்கம் கிளை கிளையாக ஒரு மரம் விரியும். அதில் ஆப்ஸ், நாட்டிலஸ், டெஸ்க்டாப் என்று இறங்கினால் ஒவ்வொரு சின்னத்துக்கும் ஒரு டிக் பெட்டி. டிக்கை எடுத்த மறுகணம் சின்னம் மறையும். பெட்டி எதற்கானது என்ற விளக்கமும் கீழேயே எழுதியிருக்கும். தவறாகப் போனால் வலது சொடுக்கில் இயல்பு மதிப்புக்குத் திரும்பலாம். ஆகவே பயப்பட ஒன்றுமில்லை. மாற்றும் முன் இருந்ததை ஒரு தாளில் குறித்துக்கொண்டால் போதும்.

எல்லாவற்றையும் வெளியே வைத்தால் என்ன? 2002-இல் க்னோம் 2 வந்தபோது அதை உருவாக்கியவர்கள் வேண்டுமென்றே பட்டியலைக் குறைத்தார்கள். கூடுதலாக வைக்கும் ஒவ்வொரு தேர்வையும் எழுதவும் சோதிக்கவும் உழைப்பு செலவாகிறது, பயனரும் குழம்புகிறார் என்பது அவர்கள் வாதம். அது சரியென்றே நினைக்கிறேன், உள்ளே போகும் கதவு திறந்திருக்கும் வரை.

2011-இல் வந்த க்னோம் 3-இல் ஜிகான்ஃபின் இடத்தை டிகான்ஃப் பிடித்தது. க்னோம் 3-இன் வெளிப் பட்டியலில் ‘பெரிய எழுத்து’ என்று ஒரு பொத்தான். அழுத்தினால் எழுத்து ஒரேயடியாக 1.25 மடங்காகும். டிகான்ஃப் எடிட்டருக்குள் போனால் 1.1 என்றும் வைக்கலாம், 1.15 என்றும் வைக்கலாம். கூலிக் கணக்கைத் திரையில் பார்க்கும் அப்பாவின் கண்ணுக்கு எது தோதோ, அதை வைத்துக் கொடுக்கலாம்.