சிறு விமானம் எங்கே இறங்கலாம்?

கோவையிலிருந்து சிறு விமானமொன்றில் பெங்களூருக்குப் புறப்படுகிறீர்கள் என்று கொள்வோம். நேர்க்கோட்டில் சுமார் 220 கிலோமீட்டர். ஒரு மணி நேரத்திற்குச் சற்று மேலாகும். ஆனால் இறங்குவது எங்கே?

அங்கு முக்கியமான விமானத் தளங்கள் நான்கு. எலகங்கா விமானப்படைக்கு உரியது. முன் அனுமதியின்றி இறங்க இயலாது. ஜக்கூர் பயிற்சித் தளம்; ஓடுபாதை நீளம் குறைந்தது. எச்.ஏ.எல். நிலையம் நகருக்குள்ளேயே உள்ளது. 2008 மே மாதம் தேவனஹள்ளியில் புதிய நிலையம் திறக்கப்பட்டதும் பயணியர் விமானங்கள் அங்கிருந்து இங்கே மாறின.

தேவனஹள்ளியின் நீண்ட ஓடுபாதையே நல்லது எனத் தோன்றும். ஆனால் பெரிய ஜெட் விமானத்தின் இறக்கை நுனிகளில் எழும் சுழல்காற்று, மெல்லக் கீழிறங்கி ஓரிரு நிமிடங்கள் நீடிக்கும். பின்னால் வரும் சிறு விமானத்தை அது புரட்டிவிடக்கூடும். எனவே போதிய இடைவெளி விட்டே இறங்க வேண்டும்.

நீளம் குறைந்த பாதையிலோ வேறொரு சிக்கல். கோவை நிலையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரத்திலும், பெங்களூர் சுமார் 900 மீட்டர் உயரத்திலும் உள்ளன. உயரம் கூடினால் காற்றின் அடர்த்தி குறையும். வேகமானி அதே வேகத்தைக் காட்டினாலும், விமானம் உண்மையில் சற்று விரைவாகவே தரையைத் தொடும். இறங்கியபின் ஓடும் தொலைவு சுமார் 5 விழுக்காடு கூடும். புறப்படும்போது எஞ்சினின் ஆற்றலும் குறைவதால் இன்னும் நீண்ட பாதை வேண்டும். நண்பகல் வெயிலில் அதனினும் மிகுதி. இறங்க முடிந்த இடத்திலிருந்து எழும்ப முடியாமற் போகலாம்!

ஆகவே, நகருக்கு எது அருகில் என்பது கடைசிக் கேள்வியே. அனுமதி, ஓடுபாதையின் நீளம், காற்று, வெப்பம் ஆகியவற்றை முதலில் பாருங்கள். மாற்று நிலையமொன்றை அடையவும் எரிபொருள் மிச்சமிருக்கட்டும்.