உண்டியல் குலுக்கும் முன்...



வகுப்பு நடந்துகொண்டிருக்கிறது. வாசலில் ஓர் உண்டியல் வந்து நிற்கிறது. "ஒருவருக்கு அவசர ஆபரேஷன். உங்களால் முடிந்ததைப் போடுங்கள்" என்கிறார்கள். நீங்கள் என்ன செய்வீர்கள்? மிட்டாய் வாங்க வைத்திருந்த காசை அப்படியே போட்டுவிடுவீர்கள். எனக்குத் தெரியும். முப்பது வருடங்களுக்கு மேல் உங்களைப் போன்ற பிள்ளைகளோடு இருந்தவள் நான்.

கொடுப்பதற்கு உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனால், இன்னொருவருக்காகக் கேட்கிறோமே, அதை எப்படிக் கேட்பது? அதை நான் ஒரு தப்பு செய்துதான் கற்றுக்கொண்டேன். அந்தக் கதையைக் கேளுங்கள்.

தேரடியில் நடந்தது

1990களில் நான் ஏழாம் வகுப்பு ஆசிரியை. என் வகுப்பு மாணவன் ஒருவனின் அப்பா எங்கள் ஊர்க் காவல் நிலையத்தில் ஏட்டாக இருந்தார். தேர்த் திருவிழா அன்று அவருக்குப் பந்தோபஸ்து வேலை. கூட்டத்தில் அம்மாவின் கையை விட்ட ஒரு சின்னக் குழந்தை, ஓடும் தேருக்கு முன்னால் போய் நின்றுவிட்டது. ஏட்டையா பாய்ந்தார். குழந்தையைப் பிடித்து அப்பால் தள்ளினார். குழந்தைக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால், அவருடைய கால் சக்கரத்தில் மாட்டிக்கொண்டது.

வெளியூர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். அரசாங்கப் பணம் பின்னால் வரும். அதுவரை பயணம், அறை வாடகை, சாப்பாடு, மருந்து எல்லாவற்றுக்கும் கையில் பணம் வேண்டும் அல்லவா?

விஷயம் தெரிந்ததும் எனக்கு மனது கேட்கவில்லை. மறுநாள் காலை பிரேயரில் அந்தப் பையனை மேடைக்குக் கூப்பிட்டு என் பக்கத்தில் நிற்கவைத்தேன். "பாவம், இவன் அப்பாவுக்கு ஆபரேஷன் செய்யப் பணம் இல்லை. எல்லோரும் உதவி செய்யுங்கள்" என்று சொன்னேன். அன்றைக்கே நாற்பத்தேழு ரூபாய் சேர்ந்தது. எனக்கு ஒரே பெருமை!

மறுநாள் பையன் பள்ளிக்கு வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை.

சாயங்காலம் காவலர் குடியிருப்புக்குப் போனேன். கட்டிலில் கால் கட்டோடு படுத்திருந்த ஏட்டையா எழுந்து உட்கார முயன்றார்.

"டீச்சர், நீங்க நல்ல மனசோடதான் செஞ்சீங்க. ஆனா, பசங்க இவனை 'உண்டியல்'னு கூப்பிடறாங்களாம். பள்ளிக்கூடத்துக்கே போக மாட்டேங்கறான்" என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தேர் முன்னால நின்ன பிள்ளையை நான் இழுத்துப் போட்டதை யாரும் சொல்லலியாம் டீச்சர். காசு இல்லைங்கறதை மட்டும் சொன்னீங்களாம்" என்றார்.

எனக்குத் தலையை நிமிர்த்த முடியவில்லை. அவரிடமும் கேட்கவில்லை, பையனிடமும் கேட்கவில்லை. அவர் செய்த பெரிய காரியத்தை விட்டுவிட்டு, அவரிடம் இல்லாததை மட்டும் மைக்கில் சொல்லிவிட்டேனே!

இரண்டாவது பிரேயர்

கதவோரம் நின்ற பையனிடம் மன்னிப்புக் கேட்டேன். "இனிமேல் எப்படிச் சொல்லட்டும், நீயே சொல்" என்றேன். அவன் யோசித்து, "அப்பா பேரைச் சொல்லுங்க டீச்சர். என் பேரு வேண்டாம்" என்றான்.

திங்கள்கிழமை பிரேயரில் தேர்த் திருவிழாவில் நடந்ததை முழுவதும் சொன்னேன். "நம் ஊர்க் குழந்தையைக் காப்பாற்றியவருக்கு நாம் செய்ய வேண்டிய கடமை இது" என்றேன். யாரையும் மேடைக்குக் கூப்பிடவில்லை. உண்டியலை இரண்டு ஆசிரியர்கள் முன்னிலையில் எண்ணி, தொகையைத் தினமும் கரும்பலகையில் எழுதினோம். பத்து நாளில் ஆயிரத்து முந்நூறு ரூபாய் சேர்ந்தது. பையனும் வகுப்புக்கு வந்துவிட்டான். 'உண்டியல்' என்ற பட்டப்பெயரும் காணாமல் போய்விட்டது.

நான்கு மாதம் கழித்து ஏட்டையா கம்பு ஊன்றிக்கொண்டு பள்ளிக்கு வந்தார். கையில் ஒரு தாளும் நூற்று எண்பது ரூபாயும். பஸ் கட்டணம், மருந்து என்று தாளில் எல்லாச் செலவும் எழுதியிருந்தது. "இது மீதி டீச்சர். வேற யாருக்காவது ஆகும்" என்றார்.

ஒரே பெயர், எண்பதாயிரம் பேர்

பல வருடம் கழித்து ஒரு செய்தியைப் படித்தபோது அந்த ஏட்டையா என் கண்முன் வந்து நின்றார். அது 2020ஆம் ஆண்டு, கொரோனா ஊரடங்குக் காலம். ஏப்ரல் 12 அன்று பஞ்சாப் மாநிலம் பாட்டியாலா காய்கறிச் சந்தை அருகே, வெளியே செல்வதற்கான அனுமதிச் சீட்டைக் காவலர்கள் கேட்டார்கள். வாகனத்தில் வந்தவர்கள் அவர்களைத் தாக்கினார்கள். ஹர்ஜீத் சிங் என்ற உதவி சப்-இன்ஸ்பெக்டரின் இடது கை மணிக்கட்டோடு வெட்டப்பட்டது. அவரைச் சண்டிகரில் உள்ள பெரிய அரசு மருத்துவமனைக்கு விரைவாகக் கொண்டுசென்றார்கள். மருத்துவர்கள் ஏழரை மணி நேரம் ஆபரேஷன் செய்து கையை மீண்டும் பொருத்தினார்கள்.

இப்படிப்பட்ட ஆபரேஷன் எவ்வளவு நுட்பமானது தெரியுமா? முதலில் எலும்புகளைச் சேர்க்க வேண்டும். பிறகு தசைநார்கள், ரத்தக் குழாய்கள், நரம்புகள் என்று ஒவ்வொன்றாக இணைக்க வேண்டும். மெல்லிய ரத்தக் குழாய்களை நுண்ணோக்கி வழியாகப் பார்த்து, தலைமுடியைவிட மெல்லிய நூலால் தைப்பார்கள்.

ஏப்ரல் 27 அன்று பஞ்சாப் காவலர்கள் சுமார் எண்பதாயிரம் பேர் ஒரு காரியம் செய்தார்கள். 'நானும் ஹர்ஜீத் சிங்' என்று எழுதிச் சட்டையில் அணிந்துகொண்டார்கள். பெரிய அதிகாரி முதல் சாதாரணக் காவலர் வரை எல்லோர் சட்டையிலும் அன்று ஒரே பெயர்!

அடிபட்ட ஒருவரின் பெயரை நானும் சொன்னேன், அவர்களும் சொன்னார்கள். நான் முதலில் சொன்னபோது ஒரு பையன் தலைகுனிந்தான். அவர்கள் சொன்னபோது ஒரு மனிதர் தலைநிமிர்ந்தார். வித்தியாசம் புரிகிறதா குழந்தைகளே?

பஸ்ஸில் வந்த சிறுமி

சில நோயாளிகள் சிகிச்சைக்காக நாடு விட்டு நாடு போக வேண்டியிருக்கும். அப்போது ஆபரேஷன் செலவு மட்டும் போதாது. பாஸ்போர்ட், விசா, நோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் டிக்கெட், தங்கும் செலவு, ஊர் திரும்பிய பிறகு மருந்துச் செலவு... இப்படிப் பட்டியல் நீளும். அதனால்தான் ஊரே சேர்ந்து பணம் திரட்ட வேண்டிவருகிறது.

வெளிநாட்டுச் சிகிச்சை என்றதும் அமெரிக்கா, லண்டன் என்று நினைக்கிறீர்களா? வேறு நாட்டுக்காரர்களுக்கு நம் நாடுதானே வெளிநாடு!

2003ஆம் ஆண்டு ஜூலை மாதம். இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையே நின்றுபோயிருந்த டில்லி - லாகூர் பஸ் மீண்டும் ஓடத் தொடங்கியது. அதில் லாகூரிலிருந்து வந்த முதல் பஸ்ஸில், இரண்டரை வயதுச் சிறுமி ஒருத்தி பெற்றோரோடு வந்தாள். அவள் இதயத்தில் ஓட்டைகள். பெங்களூரு நாராயண ஹிருதயாலயா மருத்துவமனையில் ஜூலை 15 அன்று அவளுக்கு ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது.

இரண்டு நாடுகளுக்கும் நடுவே பகை இருந்த நேரம் அது. ஆனாலும், முன்பின் தெரியாத இந்தியர்கள் அவளுக்குப் பணம் அனுப்பினார்கள், பொம்மை அனுப்பினார்கள், குணமாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டார்கள். வந்த பணத்தை அவள் பெற்றோர் தங்களுக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. ஏழைக் குழந்தைகளின் இதயச் சிகிச்சைக்கு ஆகட்டும் என்றார்கள். எங்கள் ஏட்டையா கொண்டுவந்த நூற்று எண்பது ரூபாய் ஞாபகம் வருகிறதா?

அந்த பஸ் 2019இல் மறுபடியும் நின்றுவிட்டது. ஆனால், அதில் வந்த சிறுமியை மறக்க முடியுமா?

நினைவில் வையுங்கள்

1. யாருக்காகப் பணம் திரட்டுகிறீர்களோ, அவரிடமும் அவர் வீட்டாரிடமும் முதலில் அனுமதி கேளுங்கள். வேண்டாம் என்றால் பெயரையும் படத்தையும் வெளியிடாதீர்கள்.

2. 'பாவம்' என்று தொடங்காதீர்கள். அவர் யார், என்ன செய்தவர் என்று தொடங்குங்கள்.

3. எவ்வளவு செலவாகும் என்று மருத்துவமனை தரும் கடிதத்தைப் பெரியவர்கள் பார்க்கட்டும். முடிந்தால் பணத்தை நேராக மருத்துவமனைக்கே கட்டி ரசீது வாங்கட்டும்.

4. உண்டியலை ஒருவராக எண்ணக் கூடாது. இரண்டு பேராவது சேர்ந்து எண்ணி, கணக்கை எல்லோர் கண்ணிலும் படும்படி எழுத வேண்டும்.

5. மீதி இருந்தால் என்ன செய்வது என்பதை முதலிலேயே பேசி முடிவு செய்யுங்கள்.

6. 'உதவுங்கள்' என்று செல்போனில் வரும் செய்தியை நம்பி நீங்களாகப் பணம் அனுப்பாதீர்கள், மற்றவர்களுக்கும் அனுப்பிவைக்காதீர்கள். அப்பா, அம்மா, ஆசிரியரிடம் காட்டுங்கள். உண்மையானவர்களின் படத்தைத் திருடி ஏமாற்றுபவர்களும் இருக்கிறார்கள்.

அடுத்த முறை உங்கள் வகுப்புக்கு உண்டியல் வந்தால், தாராளமாகக் காசு போடுங்கள் குழந்தைகளே. அதோடு, "டீச்சர், அவர் யார்? என்ன செய்தவர்?" என்றும் கேளுங்கள். பதில் தெரிந்த பிறகு உண்டியலைக் குலுக்கிப் பாருங்கள். இன்னும் நிறையக் காசு விழும்!