குதிரையைப் பலியிடும் கணினி எதனைக் கணிக்கிறது?

சிப்பாய்க்கு 1, குதிரைக்கும் மந்திரிக்கும் 3, யானைக்கு 5, ராணிக்கு 9 என்று, செட்டிகுளத்தில் சதுரங்கம் பயிலும் சிறுவனும் அறிந்த கணக்கையே பிரதான ஆதாரமாகக் கொண்டிருந்த பழைய சதுரங்க யந்திரங்கள், ஆட்டத்தின் ஆரம்பத்தில் ஒரு காயைப் பலியிடுவதைப் பெரும்பாலும் நஷ்டமென்றே தீர்மானித்தன. ஏனெனில், அத்தியாகத்தின் பலன் பல நகர்வுகளுக்கு அப்பால் விளையுமாயின், அவ்வளவு தூரம் நோக்கும் சக்தி அவற்றுக்கு இருக்கவில்லை.

1997 மே 11 அன்று நியூயார்க்கில், ‘டீப் புளூ’ என்னும் கணினி எட்டாம் நகர்வில் குதிரையைப் பலியிட்டு, 19 நகர்வுகளில் அன்றைய உலக சாம்பியன் காஸ்பரோவை வென்றது மெய்யே. ஆயினும், அந்நகர்வு அதன் சுயமான கணிப்பில் உதித்ததன்று, நிபுணர்கள் முன்கூட்டியே பதித்துவைத்த ஆரம்ப நகர்வுத் தொகுப்பிலிருந்து எடுக்கப்பட்டது.

இன்றைய ‘ஸ்டாக்ஃபிஷ்’ என்னும் சதுரங்க மென்பொருள் வினாடிக்கு இலட்சக்கணக்கான நிலைகளை ஆராய்ந்து, பயனற்ற நகர்வுக் கிளைகளைக் கழித்துவிட்டு, எஞ்சிய ஒவ்வொரு கிளையின் முடிவிலும் நிற்கும் நிலைக்கு மதிப்பிடுகிறது. 2020 முதல் அதனுடன் இணைந்துள்ள நரம்பு வலையமைப்பு, எண்ணற்ற நிலைகளில் பயிற்சி பெற்றதாகையால், கோட்டை கட்ட வழியின்றி நடுவில் அகப்பட்ட ராஜா, திறந்து கிடக்கும் வரிசைகள், களம் இறங்காத எதிரிக் காய்கள் ஆகிய அனைத்தையும் அந்த மதிப்பிலே சேர்த்துக்கொள்கிறது. இவற்றின் கூட்டு இழந்த 3 புள்ளிகளுக்கு ஈடாகுமாயின், பலி தகுதியுடையதாகிறது.

2013 ஜனவரியில் நெதர்லாந்தின் வைக் ஆன் சீயில், விசுவநாதன் ஆனந்த் கறுப்புக் காய்களுடன், தம் காய்கள் வெட்டப்படுவதைப் பொருட்படுத்தாது தாக்கி, 23 நகர்வுகளில் ஆர்மீனிய வீரர் அரோனியனைப் பணியவைத்த ஆட்டத்தை மாணவர்கள் கணினியில் பரிசீலிப்பார்களாக. திரையில் தோன்றும் எண்ணை மனனம் செய்வதைவிட, அதன் காரணத்தைத் தேடுவதே மெய்யான பயிற்சி.