அடைப்பு திறந்த பிறகு

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில், லயத்தில் பிறந்தவள் நான். தாதிய உத்தியோகத்தராகி மலையக வைத்தியசாலை வாட்டுகளிலேயே வேலை செய்து வருகிறேன். இரத்தம் போகாவிட்டால் இதயம் சாகும் என்பது எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் தெரியும். நின்றுபோன இரத்தம் திரும்பிப் பாயும்போதும் இதயத்தில் ஒரு பகுதி சாகிறது என்பது பலருக்குத் தெரியாது. அதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

கொழுந்து நிறுக்கும் இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்ட ஒரு கங்காணியைத் தோட்ட லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. ஈசிஜி எடுத்தோம், பெரிய மாரடைப்பு. வைத்தியர் சொன்னபடி 15 லட்சம் யூனிட் ஸ்ட்ரெப்டோகைனேஸைச் சேலைனில் கலந்து ஒரு மணி நேரம் ஏற்றினோம். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து அது. முடியும் தறுவாயில், "மிஸ், நெஞ்சுமேல ஏறி உக்காந்திருந்தது எறங்கிருச்சி" என்றார். அந்த நேரம் பார்த்து மானிட்டரில் துடிப்பு மாறியது. ஒடுக்கமாகப் போய்க்கொண்டிருந்த கோடுகள் போய், அகலமான கோணல் துடிப்புகள் வரிசையாக வரத் தொடங்கின. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பயப்படாத தங்கச்சி, அடைப்பு தெறந்திருச்சி" என்றேன். கொஞ்ச நேரத்தில் துடிப்பு பழையபடி சீரானது.

பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும் இந்தக் கோணல் துடிப்பு, இரத்தம் திரும்பிவிட்டது என்பதற்கான நல்ல அடையாளம். பட்டினி கிடந்த தசை, வந்த இரத்தத்தைத் தாங்க முடியாமல் தடுமாறுவதற்கும் அதுவே அடையாளம். நீள வறட்சியில் வெடித்துக் கிடக்கும் மலைச்சரிவில் திடீரென்று பெருமழை கொட்டினால், வேருக்குத் தண்ணீர் கிடைக்கிற அதே நேரத்தில் மேல்மண்ணும் அடித்துக்கொண்டு போகிறதல்லவா? இதயத்தில் நடப்பதும் அதுதான்.

கொஞ்சம் உள்ளே போய்ப் பார்ப்போம். பிராணவாயு இல்லாத நேரத்தில் தசைக் கலத்துக்குள் அமிலம் சேர்கிறது, கல்சியம் சேர்கிறது. இரத்தம் திரும்பிய முதல் சில நிமிடங்களில் அமிலம் சட்டென்று கழுவப்படுகிறது. கல்சியம் இன்னும் வெள்ளமாக உள்ளே புகுகிறது. பிராணவாயுவிலிருந்து நச்சுத்தன்மையுள்ள மூலக்கூறுகள் திடீரெனப் பெருகுகின்றன. கலத்துக்குச் சக்தி தயாரித்துக் கொடுப்பது மைட்டோகொண்ட்ரியா. அதன் சுவரில், அமிலம் இருந்தவரை மூடியே கிடந்த ஒரு துவாரம் இப்போது திறந்துகொள்கிறது. அது திறந்தே இருந்துவிட்டால் அந்தக் கலத்தின் கதை முடிந்தது. கடைசியில் ஏற்படும் தழும்பில் ஏறக்குறைய பாதி வரைகூட இந்த இரண்டாவது அடியால் வரலாம் என்று விலங்கு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

அப்படியானால் அந்தச் சில நிமிடங்களில் இதயத்தைக் காக்க வழி உண்டா? உண்டு என்று முதலில் நம்பிக்கை தந்தது 1986இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஓர் ஆய்வு. நாய்களின் இதயக் குழாயை 5 நிமிடம் அடைத்து 5 நிமிடம் திறந்து, இப்படி நான்கு முறை செய்தார்கள். அதன் பிறகு 40 நிமிடம் முழுதாக அடைத்தார்கள். இந்தப் பழக்கம் இல்லாத இதயங்களோடு ஒப்பிட்டால் நாலில் ஒரு பங்குதான் பாழாகியிருந்தது. தன்னைக் காத்துக்கொள்ளும் சக்தி இதயத்துக்குள்ளேயே இருக்கிறது என்பது அன்று தெரிந்தது.

அதே 1986இல்தான், வளர்ச்சிக் காரணிகளைக் கண்டறிந்ததற்காக ரீட்டா லெவி-மொண்டால்சினிக்கும் ஸ்டான்லி கோஹனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. வளர்ச்சிக் காரணிகள் என்பவை உடலே சுரக்கும் புரதங்கள். வளர், பிரி, புதுக் குழாய் விடு, சாகாதே என்று கலங்களுக்குச் செய்தி சொல்பவை. இதயத்துக்கு நமக்கு வேண்டியது அந்தக் கடைசிச் செய்தி. எஃப்ஜிஎஃப்-2, ஐஜிஎஃப்-1 போன்றவை கலத்தின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டால் உள்ளே ஏகேடி, ஈஆர்கே என்ற இரண்டு நொதிகள் விழிக்கின்றன. அவை போய் மைட்டோகொண்ட்ரியாவின் அந்தத் துவாரத்தைத் திறக்கவிடாமல் தடுக்கின்றன. இந்த மீட்புப் பாதையை விளக்கிக் காட்டியது லண்டனில் டெரெக் யெல்லனின் குழு. எலியிலும் முயலிலும் பலன் நன்றாகவே தெரிந்தது.

வளர்ச்சிக் காரணி போல வேலை செய்யும் இத்தகைய புரதங்களில் ஒன்று எங்கள் வாட்டுகளுக்கு நன்றாகப் பழக்கமானது. சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் செய்பவர்களுக்கு இரத்தம் ஊற ஊசி போடுகிறோமே, எரித்ரோபொயட்டின், அதுதான். பிராணவாயு குறைந்தால் சிறுநீரகம் இதைக் கூடுதலாகச் சுரக்கும். உயரம் கூடக்கூடப் பிராணவாயு குறையும் என்பதால், 6,000 அடிக்கு மேலே இருக்கும் நுவரெலியாவில் வாழ்கிறவர்களுக்கு இது நெருக்கமான சங்கதி. பிராணவாயு குறைவதைக் கலம் எப்படி உணர்கிறது என்று கண்டறிந்த செமென்ஸா, ராட்கிளிஃப், கேலின் மூவருக்கும் 2019இல் நோபல் கிடைத்தது. அந்த ஆராய்ச்சியின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்று இந்த எரித்ரோபொயட்டின்தான்.

ஆனால் மனிதரிடம் வந்தபோது கதை மாறியது. 2011இல் வெளிவந்த ரிவீல் என்ற ஆய்வில், மாரடைப்புக்காரருக்கு அடைப்பைத் திறந்த 4 மணி நேரத்துக்குள் எரித்ரோபொயட்டின் 60,000 யூனிட் ஒரே தடவையில் கொடுத்தார்கள். தழும்பு குறையவில்லை. 70 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குத் தழும்பு பெரிதாகவே இருந்தது. அதற்கு முன்பே நாள்பட்ட நெஞ்சுவலிக்காரரிடம் புதுக் குழாய் வளரச் செய்யலாம் என்று முயன்றார்கள். 2002இல் 337 பேரிடம் எஃப்ஜிஎஃப்-2, 2003இல் 178 பேரிடம் விஈஜிஎஃப் என்ற இன்னொரு வளர்ச்சிக் காரணி. நடக்கும் திறன் வெற்று மருந்து பெற்றவர்களைவிடத் தெளிவாகக் கூடியதென்று காட்ட முடியவில்லை.

ஏன்? ஆய்வுக்கூட எலிக்கு வயதில்லை, சீனி வருத்தம் இல்லை, பிரஷர் இல்லை. எங்கள் வாட்டுக்கு வருபவருக்கு மூன்றும் சேர்ந்தே இருக்கும். சீனி வருத்தம் அந்த மீட்புப் பாதையையே மந்தமாக்கிவிடுகிறது. நேரமும் ஒரு காரணம். காப்பு மருந்து இரத்தம் திரும்புவதற்கு முன்பே, அல்லது திரும்பும்போதே, அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். வளரச் சொல்லும் புரதம் வேண்டாததையும் வளர்க்கும் என்பது இன்னொரு பயம். சீனி வருத்தத்தால் கண் பழுதாகிறவர்களுக்குக் கண்ணில் ஊசி போடுவதே விஈஜிஎஃப்பை அடக்கத்தான்.

இந்த ஆராய்ச்சி வீண் என்று நான் சொல்லவில்லை. எந்தக் கலம் எந்த நிமிடத்தில் எப்படிச் சாகிறது என்பது இதனால்தான் தெளிவாகியது. நாளைக்கு ஒரு நல்ல மருந்து வரலாம். இன்றைக்கு மாரடைப்பிலிருந்து இதயத்தைக் காக்கும் வளர்ச்சிக் காரணி ஊசி வழக்கமான சிகிச்சையில் கிடையாது. அப்படி ஒன்று இருப்பதாகச் சொல்லி யாராவது பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

இன்றைக்குக் கையில் இருப்பது நேரம். தமிழ்நாட்டில் வைத்தியர்கள் தாமஸ் அலெக்சாண்டரும் அஜித் முல்லாசாரியும் முன்னின்று, சிறு மருத்துவமனைகளைப் பெரிய மருத்துவமனைகளோடு இணைத்தார்கள். பக்கத்திலேயே ஈசிஜி, அங்கேயே கட்டி கரைக்கும் மருந்து, அதன் பிறகு பெரிய இடத்துக்கு மாற்றுவது என்பது ஏற்பாடு. 2,420 பேரைப் பின்தொடர்ந்ததில் ஓராண்டுக்குள் இறப்பவர் 100க்கு 17.6 என்றிருந்தது 14.2 ஆகக் குறைந்தது. புது மருந்து எதுவும் இல்லாமலே கிடைத்த பலன் இது. 2023இல் தமிழ்நாட்டு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே மாரடைப்புக்காரருக்கு 14 மாத்திரைகளை, அஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 8 என்று, உடனே கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது.

எங்கள் மலைகளில் நேரம் போவது எங்கே என்று எனக்குத் தெரியும். நெஞ்சு வலித்தால் வாய்வு என்று இஞ்சித் தேத்தண்ணி குடிக்கிறோம், தைலம் தேய்க்கிறோம். மலையிலிருந்து பாதியில் இறங்கினால் அரைப் பேர்தான் விழும் என்று பெண்கள் வலியோடு கொழுந்து பறிக்கிறார்கள். பெண்களுக்குச் சில நேரம் நெஞ்சு வலிக்காமலே முதுகு வலி, தாடை வலி, மூச்சிரைப்பு என்று வரும். அதனால் இன்னும் தாமதம். மருந்துச்சாலைக்கு நடந்து போய், டாக்டரையா இல்லையென்று திரும்பி, லொறி தேடி, கடைசியில் எங்களிடம் வரும்போது இதயத்தசையில் பெரும்பங்கு போய்விட்டிருக்கும். ஸ்டென்ட் வைக்க வேண்டுமென்றால் அதற்கு மேல் கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று வளைந்து வளைந்து கண்டிக்கு இறங்க வேண்டும்.

டிக்கோயாவில் இந்திய உதவியோடு கட்டிய 150 கட்டில் வைத்தியசாலை 2017 மே 12இல் திறக்கப்பட்டது. 2016இல் தொடங்கிய, 1990 என்ற இலக்கத்தில் அழைக்கும் அம்புலன்ஸ் சேவை இப்போது நாடு முழுவதும் ஓடுகிறது. இவ்வளவு வந்த பிறகு, ஒவ்வொரு தோட்ட மருந்துச்சாலையிலும் ஒரு ஈசிஜி இயந்திரமும் அஸ்பிரினும் ஈசிஜியை வாசித்துச் சொல்ல ஒரு தொலைபேசித் தொடர்பும் இருக்க வேண்டும் என்று கேட்பது பெரிய கேள்வி இல்லை. தோட்ட நிர்வாகங்களும் தொழிற்சங்கங்களும் சுகாதார அமைச்சும் சேர்ந்தால் முடியக்கூடியது. சம்பளப் பேச்சுவார்த்தையில் இதையும் ஒரு கோரிக்கையாக வையுங்கள்.

வீட்டில் ஒருவருக்கு நெஞ்சு இறுக்கி வியர்த்தால், அல்லது காரணமில்லாமல் மூச்சு வாங்கி இடது கையோ தாடையோ வலித்தால், இஞ்சித் தண்ணி காய்ச்ச வேண்டாம். படியிறங்கி நடக்க விடாதீர்கள். உட்கார வைத்து, உடனே 1990க்கு அழையுங்கள். தோட்டத்தின் பெயரையும் பிரிவையும் சொல்லி, வண்டி எந்த இடம் வரை வரும் என்று கேளுங்கள். வலி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதை ஒரு துண்டில் எழுதி நோயாளியின் கையில் கொடுத்து அனுப்புங்கள். எந்த மருந்து, எப்போது என்று தீர்மானிக்க வைத்தியர் முதலில் கேட்பது அதைத்தான். 1990க்குக் கட்டணம் இல்லை.